ஊர் திரும்பிய பின் வரும் காய்ச்சல்

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தின் மக்கள்தொகை பல மடங்காகிவிடுகிறது. பகல்பத்து, இராப்பத்து என்று நீளும் வைகுந்த ஏகாதசிப் பெருவிழாவில், பரமபத வாசல் திறக்கும் விடியற்பொழுதில் அரங்கனைச் சேவிப்பதற்காகத் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். அவர்களில் முதியவர்களே மிகுதி. விடுதிகளிலும் சத்திரங்களிலும், நாள் வாடகைக்கு விடப்படும் அடுக்ககங்களிலும் ஓரிரு நாள் தங்கி, வெந்நீரில் குளித்து, தரிசனம் முடித்து ஊர் திரும்புகின்றனர்.

ஒரு வாரம் கழித்து அவர்களில் ஒருவருக்குக் கடும் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தால், மார்கழிப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, கூட்டத்தில் எவரிடமிருந்தோ ஒட்டிக்கொண்டது என்றோ வீட்டார் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால், அதற்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். தங்கிய இடத்தின் நீர்த்தொட்டியிலோ, குழாயிலோ, கீசரிலோ பெருகிய ஒரு பாக்டீரியா, குளிக்கும்போது எழும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் சென்றிருக்கலாம். லெஜியோனெல்லா எனப்படும் அந்தப் பாக்டீரியா உண்டாக்கும் நிமோனியாவைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. இது ஸ்ரீரங்கத்தின் மீதான குற்றச்சாட்டு அன்று. மக்கள் வந்து தங்கிச் செல்லும் எந்தத் தலத்திற்கும் பொருந்துகின்ற எச்சரிக்கை.

இந்நோய்க்குப் பெயர் வந்த வரலாறே ஒரு விழாவில்தான் தொடங்குகிறது. அமெரிக்கா தனது விடுதலையின் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடிய 1976-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், 'அமெரிக்கன் லெஜியன்' என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் பென்சில்வேனியா மாநில மாநாடு பிலடெல்பியா நகரின் புகழ்பெற்ற பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்டு விடுதியில் நான்கு நாள்கள் நடைபெற்றது. மாநாட்டில் எவரும் இறக்கவில்லை. உறுப்பினர்கள் வீடு திரும்பினர். அதன் பிறகுதான் மாநிலத்தின் பல ஊர்களில் ஒருவர் பின் ஒருவராக நிமோனியாவால் இறக்கத் தொடங்கினர். மொத்தம் 221 பேர் நோயுற்றனர். 34 பேர் உயிரிழந்தனர்.

காரணம் என்னவென்று மாதக்கணக்கில் தெரியவில்லை. நச்சுவாயு என்றும் சதி என்றும் வதந்திகள் உலவின. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர் ஜோசப் மெக்டேட் 1976 டிசம்பர் இறுதியில் அந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். 1977 ஜனவரியில் அது அறிவிக்கப்பட்டது. படைவீரர் அமைப்பின் பெயரே பாக்டீரியாவுக்கும் நோய்க்கும் நிலைத்துவிட்டது. சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, 1968-இல் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில் பரவிய மர்மக் காய்ச்சலுக்கும் இதே வகைப் பாக்டீரியாதான் காரணம் என்று தெரியவந்தது. நிமோனியாவாக முற்றாமல் சில நாள்களில் தானே தணியும் அந்த வடிவத்துக்குப் 'பான்டியாக் காய்ச்சல்' என்று பெயர். ஸ்பெயினின் பெனிடார்ம் கடற்கரைக்கு 1973-இல் சென்று திரும்பிய ஸ்காட்லாந்துப் பயணிகளின் மரணங்களுக்கும் பின்னரே விடை கிடைத்தது. ஆக, நோய் புதியதன்று. அதைக் காணும் கண்தான் புதியது.

லெஜியோனெல்லா ஆறுகளிலும் ஏரிகளிலும் மண்ணிலும் இயல்பாகவே சிறிய அளவில் வாழ்கிறது. அங்கு அதனால் பெரிய தீங்கில்லை. நாம் கட்டிய தொட்டி, குழாய் அமைப்புகளுக்குள் நுழையும்போதுதான் அது பெருகுகிறது. அதற்கு மூன்று வசதிகள் வேண்டும். நீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்; ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு ஏற்றது, 35 டிகிரியை ஒட்டிய வெப்பம் மிக உகந்தது. நீர் ஓடாமல் தேங்கி நிற்க வேண்டும். குழாயின் உட்புறத்தில் வழுவழுப்பான படலம் படிந்திருக்க வேண்டும். அந்தப் படலத்தில் வாழும் அமீபாக்களுக்குள் புகுந்துதான் இது இனப்பெருக்கம் செய்கிறது. அமீபாவுக்குள் வாழக் கற்றுக்கொண்ட அந்தத் திறமையே, மனித நுரையீரலைக் காக்கும் வெள்ளணுக்களுக்குள்ளும் அதை வாழவைக்கிறது.

இந்த நீரைக் குடிப்பதால் பொதுவாக நோய் வருவதில்லை. நீர் நுண்துளியாகிக் காற்றில் மிதந்து மூச்சோடு உள்ளே செல்வதால்தான் வருகிறது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை என்பதே பொது விதி. ஆகவே, நோயாளியைத் தனிமைப்படுத்துவதால் பயனில்லை. நீரின் ஊற்றுக்கண்ணைத் தேடுவதே வழி. ஷவர், பெரிய கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரம், செயற்கை நீரூற்று, நீர்த்துளி தெளிக்கும் விசிறி ஆகியவை உலகெங்கும் இந்நோயின் வாயில்களாக இருந்துள்ளன. 1989-இல் அமெரிக்காவின் லூசியானாவில், மளிகைக் கடையில் காய்கறி வாடாமலிருக்க நீர்த்துளி தெளித்த கருவியே நோயைப் பரப்பியது. நம் திருமண மண்டபங்களில் விருந்தினர் மீது பனித்துளி தூவும் விசிறிகளை வாடகைக்கு அமர்த்துவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

தேவையற்ற அச்சமும் கூடாது. வீட்டுச் சுவரில் மாட்டியுள்ள ஏ.சி.யும் காரில் உள்ள ஏ.சி.யும் நீரைக் கொண்டு குளிர்விப்பவை அல்ல. அவற்றால் இந்நோய் பரவுவதில்லை. அம்மா மண்டபம் படித்துறையில் காவிரியில் முங்கி எழுவதும் இந்தக் கணக்கில் சேராது. ஆரோக்கியமான இளைஞர்கள் இந்தப் பாக்டீரியாவை எதிர்கொண்டாலும் பெரும்பாலும் நோயுறுவதில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், நீரிழிவு, நுரையீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். நோயுற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறக்கிறார் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு.

திருச்சியில் வாழ்வோர் இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. குளிர்நீரை 20 டிகிரிக்குக் கீழேயும், சேமிக்கும் வெந்நீரை 60 டிகிரியிலும் வைத்திருங்கள் என்பது பிரிட்டன் போன்ற நாடுகளின் விதி. இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் பாக்டீரியா பெருகும். நம் ஊரில் இவ்விதியின் முதற்பாதி நடைமுறைக்கு ஒவ்வாதது. மொட்டைமாடியில் வெயிலில் காயும் கறுப்புத் தொட்டியின் நீர், சித்திரை நண்பகலில் கையைச் சுடுகிறது. மார்கழியிலும் அது 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அதாவது, நாம் 'பச்சைத் தண்ணீர்' என்று சொல்வதே ஆண்டு முழுவதும் லெஜியோனெல்லாவுக்கு ஏற்ற வெப்பத்தில் இருக்கிறது. வெந்நீரின் நிலையும் அதுதான். மின்கட்டணத்துக்கு அஞ்சிக் கீசரின் வெப்பத்தைக் குறைத்து வைக்கிறோம். மேகமூட்டமான நாள்களில் சூரிய வெந்நீர்க் கலனின் நீர் வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது.

காவிரி, கொள்ளிடம் ஆற்றுப் படுகைகளிலிருந்து எடுக்கப்படும் குடிநீரில் மாநகராட்சி குளோரின் கலந்தே அனுப்புகிறது. குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர நிர்ணயம். ஆனால், அந்த நீர் நம் தரைத்தொட்டியில் விழுந்து, மோட்டார் வழியாக மாடிக்கு ஏறி, வெயிலில் இரண்டு மூன்று நாள் நின்ற பிறகு அதில் குளோரின் எவ்வளவு எஞ்சும்? தெருக்குழாய் வரை பொறுப்பு மாநகராட்சியுடையது. அதற்குப் பின் அது எவருடையது என்ற கேள்விக்கு நம் நடைமுறையில் தெளிவான விடை இல்லை.

தேக்கத்திற்கும் நம் ஊரில் குறைவில்லை. விழாக்காலத்தில் நிரம்பி வழியும் விடுதி அறைகளில் பல, மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று ஆறு மாதம் கழித்துத் திரும்பும் பெற்றோரின் வீடுகளும் அடுக்ககங்களும் ஸ்ரீரங்கத்தில் ஏராளம். பூட்டிய கட்டடத்தின் குழாய்களில் நிற்கும் நீர் என்ன செய்யும் என்பதை 2020 பொதுமுடக்கம் உலகுக்குக் காட்டியது. பல வாரங்கள் மூடிக்கிடந்த தன் வாடகை அலுவலகக் கட்டடங்கள் சிலவற்றின் நீரில் லெஜியோனெல்லா இருப்பதை அட்லாண்டாவில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே அவ்வாண்டு ஆகஸ்டில் கண்டறிந்து, அவற்றை மீண்டும் மூட வேண்டியதாயிற்று.

அப்படியானால் இந்நோய் ஏன் நம் கண்ணில் படுவதில்லை? தேடாததுதான் முதற்காரணம். சளியைச் சாதாரண முறையில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில் இது சிக்காது. தனி ஊடகம் வேண்டும். எளிதான சிறுநீர்ச் சோதனை ஒன்று உண்டு. ஆனால், அதுவும் ஒரே ஒரு வகையை மட்டுமே காட்டும். இரண்டாவது காரணம் சிகிச்சையிலேயே இருக்கிறது. அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்ற வழக்கமான மருந்துகள் இந்தப் பாக்டீரியாவிடம் செல்லாது. அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்றவையே கேட்கும். கடும் நிமோனியாவுக்கு மருத்துவர்கள் முன்னெச்சரிக்கையாக இரு வகையையும் சேர்த்தே கொடுப்பதுண்டு. நோயாளி பிழைத்துக்கொள்கிறார், எந்தக் கிருமி என்பது பதிவாவதில்லை. மருந்து பொருந்தாதவர் இறக்கும்போதும் சான்றிதழில் 'நிமோனியா' என்ற ஒரு சொல்லே எஞ்சுகிறது.

தேடிய இடங்களில் அது கிடைத்திருக்கிறது. தில்லி எய்ம்ஸ் நுண்ணுயிரியலாளர்கள் நோயாளிகளிடமும் மருத்துவமனை நீரிலும் லெஜியோனெல்லாவைத் தேடிக் கண்டறிந்து எழுதியுள்ளனர். நம் நாட்டில் ஒரு பெரிய மருத்துவமனையின் நீரிலும் நோயாளிகளிடத்தும் அதைப் பிரித்தெடுத்த ஆய்வு 2010-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியானது. இதே கதை மெலியோய்டோசிஸ் என்ற மற்றொரு நோய்க்கும் உண்டு. வயல் மண்ணிலும் சேற்றிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது அது. ரங்கூனில் ஆல்ஃபிரெட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசுவாமியும் 1912-இல் அதை உலகுக்கு முதன்முதலில் விவரித்தனர். நீரிழிவு உள்ளவர்களை அதிகம் தாக்கும் அது, காசநோய் போலத் தோற்றமளித்து மருத்துவர்களை ஏமாற்றும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போல ஆய்வக வசதி உள்ள இடங்களில் அது தொடர்ந்து கண்டறியப்படுகிறது. வசதி இல்லாத இடங்களில் 'இல்லை' என்றாகிவிடுகிறது. காவிரிப் பாசனப் பகுதிக்கு இது தொலைவான செய்தி அன்று. லெஜியோனெல்லாவிலேயே ஒரு வகை தொட்டிச் செடிகளுக்கான மக்கிய உரத்தில் வாழ்கிறது; ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தோட்டக்காரர்களை அது தாக்குகிறது. மாடித்தோட்டம் வைத்திருப்போர் உரமூட்டையை முகத்தருகே பிரிக்காமல், முகக்கவசம் அணிந்து, உரத்தைச் சற்று நனைத்துக் கையாள்வது போதுமான பாதுகாப்பு.

மூன்றாவது காரணம் மருத்துவம் சார்ந்தது அன்று, பொருளியல் சார்ந்தது. உணவு கெட்டுப்போனால் வாடிக்கையாளருக்கு அன்று இரவே வயிறு சொல்லிவிடும்; உணவக உரிமையாளருக்கும் செய்தி எட்டிவிடும். இந்நோயோ நுண்துளி உட்புகுந்து 2 முதல் 14 நாள்களுக்குள் வெளிப்படுவது. அதற்குள் யாத்திரிகர் சேலத்திலோ நெல்லூரிலோ இருப்பார். தொட்டியைத் தூய்மைப்படுத்தாததால் மிச்சமாகும் பணம் விடுதிக்காரருக்கு. நோயின் செலவோ இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு குடும்பத்துக்கு. இருவரில் எவருக்கும் இந்தத் தொடர்பு தெரியாது. தன் செயலின் விலையைத் தான் கொடுக்க வேண்டாத இந்நிலையைப் பொருளியலில் 'புறவிளைவு' என்பர்.

தரம் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத சந்தையில், நல்ல சரக்குக்குச் செலவிடுபவரே நட்டப்படுகிறார் என்பதைப் பழைய கார்களின் சந்தையை வைத்து 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் ஏகர்லாஃப். பின்னர் நோபல் பரிசும் பெற்றார். விடுதி அறைக்கும் அது பொருந்தும். படுக்கை விரிப்பின் வெண்மையைப் பயணி காண்கிறார். தொட்டியின் அடியில் படிந்த சேற்றைக் காண்பதில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கே செலவு செய்யப்படும். இதில் உரிமையாளரின் நேர்மையைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை, தகவல் அவரைச் சென்றடையாத அமைப்பில் இருக்கிறது.

பிலடெல்பியாவில் உண்மை வெளிவந்ததற்கு ஒரு காரணம், நோயுற்றவர்களில் பெரும்பாலோர் ஒரே அமைப்பின் உறுப்பினர்கள். அதற்கு அலுவலகமும் பெயர்ப்பட்டியலும் இருந்தன. மரணச் செய்திகள் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. தொடர்பு வெளிப்பட்ட பிறகு பயணிகள் விலகினர். அவ்வாண்டு நவம்பரிலேயே அந்த விடுதி மூடப்பட்டது. நம் யாத்திரிகர்களுக்கு அப்படியொரு பட்டியல் இல்லை. ஒரே விடுதியில் தங்கிய மூவர் மூன்று மாவட்டங்களில் நோயுற்றால், அந்த மூன்று புள்ளிகளை இணைக்கும் கோட்டை வரைய எவரும் இல்லை.

பிற நாடுகள் அந்தக் கோட்டை வரைந்திருக்கின்றன. ஐரோப்பாவில் 1987 முதல் பயணிகளின் லெஜியோனெல்லா நோயைப் பதிவுசெய்யும் வலையமைப்பு உள்ளது. 2010 முதல் அது ஐரோப்பிய நோய்த் தடுப்பு மையத்தின் பொறுப்பில் இயங்குகிறது. நோயுற்றவர் எந்த நாட்டுக்குத் திரும்பியிருந்தாலும், அவர் தங்கிய விடுதியின் பெயர் பதிவாகிறது. இரண்டாண்டுகளுக்குள் ஒரே விடுதியின் பெயர் இருமுறை வந்தால் ஆய்வு தொடங்குகிறது. சிங்கப்பூரில் குளிர்விப்புக் கோபுரங்களையும் செயற்கை நீரூற்றுகளையும் குறித்த கால இடைவெளியில் கழுவி, நீரைச் சோதித்து, பதிவேடு வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம்.

நியூயார்க் நகரின் அனுபவம் இரு பாடங்களைத் தருகிறது. தெற்கு பிராங்ஸ் பகுதியில் 2015-இல் 138 பேர் நோயுற்று 16 பேர் இறந்தபோது, நகரில் எத்தனை குளிர்விப்புக் கோபுரங்கள் உள்ளன என்ற பட்டியலே நிர்வாகத்திடம் இல்லை. அதன் பிறகே பதிவைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இருந்தும் 2025 கோடையில் ஹார்லெம் பகுதியில் மீண்டும் நோய் பரவி 7 பேர் உயிரிழந்தனர். பட்டியல் இல்லாமல் கண்காணிக்க முடியாது. கண்காணிக்காவிட்டால் பட்டியலால் பயனில்லை.

நம்மால் இயலாத எதையும் இது கேட்கவில்லை. ஊராட்சிகளின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளில், தூய்மை செய்த நாளையும் அடுத்துத் தூய்மை செய்யும் நாளையும் பெயிண்டால் எழுதிவைக்கும் வழக்கம் தமிழகத்தில் ஏற்கெனவே உண்டு. அதே இரண்டு தேதிகளை ஒவ்வொரு விடுதியின் வரவேற்பறையிலும் எழுதிவைக்கச் செய்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத தரம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். டெங்குக் கொசுப்புழுவைத் தேடி மாநகராட்சிப் பணியாளர்கள் நம் வீட்டுத் தொட்டிகளை எட்டிப் பார்க்கின்றனர். அவர்கள் கையில் குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பையும் கொடுத்தால், கூடுதல் ஊழியரின்றி இரண்டாவது காவலும் நடக்கும்.

ஸ்ரீரங்கம் நகராட்சி 1994-இல் திருச்சி மாநகராட்சியோடு இணைந்த காலத்தில் இல்லாத அளவுக்கு இன்று இந்நகரில் பெரிய மருத்துவமனைகளும் வணிக வளாகங்களும் உள்ளன. புதிய விமான நிலைய முனையமும் பஞ்சப்பூர் பேருந்து முனையமும் வந்துவிட்டன. நகரில் நீரைக் கொண்டு குளிர்விக்கும் அமைப்புகள் எங்கெங்கு உள்ளன என்ற பட்டியலை இப்போதே தொடங்குவது எளிது. மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும் அதனோடு இணைந்த கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியும் இங்கேயே இருக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேரும் ஒவ்வொரு நிமோனியா நோயாளிக்கும் ஓராண்டு மட்டும் இச்சோதனையைச் செய்து பார்த்தால், நம் ஊரில் இந்நோய் எவ்வளவு என்பது ஊகமாக இல்லாமல் எண்ணாகக் கிடைக்கும். 'கடந்த பதினான்கு நாள்களில் வெளியூரில் எங்கே தங்கினீர்கள்?' என்ற கேள்வியை மருத்துவர்கள் கேட்கத் தொடங்குவதற்கு அந்தச் செலவுகூட இல்லை.

வீட்டிலும் விடுதியிலும் செய்ய வேண்டியவை சில. தொட்டியை ஆண்டுக்கு இருமுறையேனும் வண்டல் நீக்கிக் கழுவி, பிளீச்சிங் பவுடரால் தூய்மைப்படுத்த வேண்டும். கீசரின் வெப்பத்தை 60 டிகிரியில் வைத்து, வாளியில் தண்ணீரோடு விளாவிய பிறகே குளிக்க வேண்டும். அந்த வெப்பம் நேரடியாகத் தோலைப் பொசுக்கிவிடும். நெடுநாள் பூட்டிய வீட்டைத் திறந்ததும், ஜன்னல்களைத் திறந்துவைத்து, ஷவரின் முகப்பைக் கழற்றிவிட்டு, எல்லாக் குழாய்களையும் சில நிமிடங்கள் திறந்துவிட வேண்டும். தெறிக்கும் துளியைச் சுவாசிக்காமல் அறையை விட்டு விலகி நிற்பது முக்கியம். விழாவுக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு விடுதியும் இதைச் செய்யலாம். ஷவரைவிட வாளியும் குவளையும் நுண்துளியைக் குறைவாகவே எழுப்புகின்றன என்பது முதியவர்களுக்கு ஆறுதலான செய்தி.

இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு பொதுச் சுகாதாரச் சட்டத்தை 1939-இல் இயற்றிய மாகாணம் நம்முடையது. காலராவுக்கும் பெரியம்மைக்கும் அஞ்சிய தலைமுறை, நீரைப் பற்றிக் கேட்ட கேள்வி 'இதைக் குடிக்கலாமா?' என்பதுதான். முதியோர் எண்ணிக்கை பெருகி, நீரிழிவு வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட இன்றைய தமிழகம் அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். குளிக்கும் நீரைப் பற்றிய அந்தக் கேள்விக்கு விடை ஆய்வகத்தில் மட்டும் இல்லை. தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கத்தில்தான் அது தொடங்குகிறது.